நொச்சியின் நார்ச்சேலை

அந்தக் காலத்தில், எல்லா உயிர்களுக்கும் பேச்சு ஒன்றாக இருந்த காலத்தில், கோடன் தன் மனைவி நொச்சியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவன் கண்ணில் பட்டது அவளுடைய உச்சந்தலைதான். முகம் அதற்குள் பாறை விளிம்புக்குக் கீழே போய்விட்டது. வகிட்டில் ஒட்டியிருந்த ஒரு சருகு மட்டும் தீவெளிச்சத்தில் கொஞ்ச நேரம் தெரிந்தது. இறங்கும் முன்பே அதை எடுத்துவிட்டிருக்கலாம் என்று நினைத்தான். நினைத்து முடிப்பதற்குள் சருகும் இறங்கிவிட்டது.

அன்றைக்கு உடம்புகள் இன்னும் இறுகாமல் இருந்தன. சுடாத மண்பானை மாதிரிதான் ஒவ்வொரு உடம்பும். ஒரு காரியத்தை ஒருவர் நெடுநாள் செய்தாலும் சரி, ஒரே நாளில் உயிரைக் கொடுத்துச் செய்தாலும் சரி, உடம்பு அதற்குத் தக்கபடி வளைந்து அப்படியே நின்றுவிடும். ஒரு பெருமழையில் பயந்துபோன உடும்பு பாறையைக் கட்டிக்கொண்டு கிடந்தது; நகங்கள் கொக்கியாக நின்றுவிட்டன. சேறு மேலே படக் கூடாது என்று காலைத் தூக்கித் தூக்கி வைத்த நாரைக்குக் கால் நீண்டே போயிற்று. இதற்காக யாரும் அழுததும் இல்லை, பெருமைப்பட்டதும் இல்லை. வழியில் பார்த்தால், "உனக்கு எப்ப இறுகிச்சு?" என்று கேட்டுக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

கோடனும் நொச்சியும் வாவல் குடியைச் சேர்ந்தவர்கள். வாவல்களுக்கு அப்போது இறக்கை கிடையாது. மலைச்சரிவில் இரண்டு காலால் நடந்து திரிந்த சின்ன உருவங்கள். உடம்பெல்லாம் மெல்லிய மயிர். கைவிரல்கள் மட்டும் கொஞ்சம் நீளம். தேன் எடுப்பதுதான் அவர்கள் பிழைப்பு. மலையின் ஒரு பக்கம் செங்குத்தாக இறங்கும் பெரும்பாறையில் தேனடைகள் தொங்கும். தேனீக்கள் உறங்கும் நிலவில்லாத இரவில்தான் அதில் இறங்க முடியும்.

எடை குறைவு என்பதால் இறங்குவது பெண்கள். மேலே கொடிக்கயிற்றைப் பிடிப்பது அவளோடு கூடப் பிறந்தவன். கட்டின புருசன் கயிற்றைத் தொடக் கூடாது. கல்லெறி தூரத்தில் தீ மூட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். புருசனின் கை ஆசையில் அவசரப்படும், பாதியில் இழுத்துவிடும், கூடப் பிறந்தவன் கைக்குத்தான் பொறுமை உண்டு என்று குடியில் சொல்வார்கள்.

கயிற்றைப் பிடிக்கிறவன் சும்மா பிடிக்க மாட்டான். பாடிக்கொண்டே விடுவான். ஒரே அடி.

"தேனிருக்கு… நானிருக்கேன்…"

கீழே தொங்குகிறவளும் அதே அடியைத் திருப்பிப் பாட வேண்டும். பாட்டு திரும்பி வந்தால் எல்லாம் சரி, இன்னும் விடலாம். திரும்பி வராவிட்டால் இழுக்க வேண்டும். வேறு அடையாளம் எதுவும் அவர்களிடம் இல்லை. தேவைப்பட்டதும் இல்லை.

அன்று இறங்குவதற்கு முன்னால் நொச்சி தீப்பக்கம் உட்கார்ந்து சேலை தைத்துக்கொண்டிருந்தாள். மரநாரில் நெய்த சேலை. கடுக்காய்ச் சாயத்தில் பலமுறை முக்கியெடுத்ததால் நிறம் கறுத்துப்போயிருந்தது. முந்தானையில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு கிழிசல். எலும்பு ஊசியில் நாரைக் கோத்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அண்ணன் மாசன் கயிற்றை உதறிச் சுருட்டிக்கொண்டே சிரித்தான். "ஏம்மா, இந்த இருட்டுல உன் சேலையை யாரு பார்க்கப் போறா? தேனீயா?"

"யாரும் பார்க்க வேணாம் அண்ணே. கிழிசலை அப்படியே விட்டுட்டு எனக்கு ஒரு வேலையும் ஓடாது."

"எல்லாத்தையும் தைச்சாவணும் இவளுக்கு," என்றான் கோடன். "போன மாசம் என் காதுல முள்ளு கிழிச்சதையே தைக்க வந்தா மச்சான்."

"தைச்சிருந்தா இப்ப கோணலா நிக்குமா அது?" என்றாள் நொச்சி. நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

அவள் மார்பில் குழந்தை ஒட்டிக்கொண்டிருந்தது. பெண்குழந்தை. இன்னும் பெயர் வைக்கவில்லை. வாவல் குடியில் பிள்ளைக்கு முதல் தேனைப் பாறையில் வைத்தே கொடுக்க வேண்டும். அம்மா தன் விரலால் அடையைத் தொட்டு நாக்கில் வைப்பாள். பிள்ளை மேலே வந்த பிறகு தாய்மாமன் காதில் பெயரைச் சொல்வான். அதனால்தான் அன்று குழந்தையும் இறங்கியது. அது ஒன்றும் புதிதில்லை. பல் முளைக்கும் வரை பிள்ளைகள் அம்மாவின் உடம்பை விட்டு இறங்கியதே இல்லை.

"என்ன பேரு மச்சான் வச்சிருக்கே? எங்கிட்ட மட்டும் சொல்லேன்," என்று கோடன் கேட்டான்.

"நல்லா இருக்கே கதை. தேன் பட்ட காதுக்கு… ச்சே, தேன் பட்ட நாக்கு உள்ள பிள்ளைக்குத்தான் மாப்பிள்ளை முதல்ல சொல்லணும். நீ போய்த் தீயைப் பாரு."

நொச்சி சேலையை இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். கயிற்றின் சுருக்கை இடுப்பில் மாட்டிக்கொண்டாள். குழந்தையின் கால்விரல்கள் நன்றாகப் பற்றியிருக்கின்றனவா என்று ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகுதான் அந்த உச்சந்தலை, அந்தச் சருகு.

அந்த வருடம் மழை இல்லை. பூ இல்லை. பாறையின் முகத்தில் வழக்கமாகத் தொங்கும் அடைகளெல்லாம் கையளவுக்குச் சுருங்கிப்போயிருந்தன. நல்ல அடைக்காக நொச்சி கீழே கீழே போனாள். யாரும் போகாத ஆழம் வரை போனாள். அங்கே பாறை உள்ளே குழிந்து, அதன் வயிற்றில் ஒரு குகை வாய் திறந்திருந்தது. மாசன் பாடிப் பாடிக் கயிற்றை விட்டான். பாட்டு திரும்பித் திரும்பி வந்தது.

கோடன் தீக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். "தேனிருக்கு… நானிருக்கேன்…" மேலிருந்து ஒன்று. கீழிருந்து ஒன்று. கேட்கக் கேட்கக் கண் சொக்கியது. ஒரு கட்டத்தில் கீழிருந்து வரும் குரல் கொஞ்சம் கனத்துப்போன மாதிரி இருந்தது. பனியில் தொண்டை கட்டிவிட்டது, காலையில் மிளகைத் தட்டிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

விடியும் நேரம் ஆயிற்று. கூடை நிறைந்திருந்தால் அவள் பாட்டை நிறுத்தியிருப்பாள். பாட்டு மட்டும் நிற்காமல் வந்தது. மாசன் இழுக்கத் தொடங்கினான். இரண்டு பிடி இழுத்ததும் அவன் கை நின்றது. கயிற்றில் பாரம் இல்லை. இரவில் கயிறு தளர்ந்தபோது, அவள் பாறையில் காலூன்றி அடை எடுக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தான்.

சுருக்கு மேலே வந்தது. அறுந்திருக்கவில்லை. முடிச்சை நொச்சியேதான் அவிழ்த்திருந்தாள்.

"அவ பாடிக்கிட்டேதான் இருந்தா மாப்பிள்ளை," என்றான் மாசன். "நீயும் கேட்டேல்ல?"

"கேட்டேன்."

மாசன் விளிம்பில் குப்புறப் படுத்துத் தலையை நீட்டினான். வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. கீழே, மிகக் கீழே, மரங்களின் தலைகள். எதுவும் விழுந்து முறிந்த அடையாளம் இல்லை. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு மெதுவாகப் பாடினான்.

"தேனிருக்கு… நானிருக்கேன்…"

கயிறு அவன் கையில் இருந்தது. கயிற்றில் யாரும் இல்லை. ஆனாலும் பாறையின் வயிற்றிலிருந்து பாட்டு திரும்பி வந்தது.

"…நானிருக்கேன்…"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பாறையின் முகம் குரலைத் திருப்பித் தராது. அந்தக் குகை தரும். அவ்வளவு கீழே யாரும் போனதில்லை என்பதால் அது யாருக்கும் தெரியாது. இரவு முழுக்க மாசன் தன் குரலுக்கே கயிறு விட்டுக்கொண்டிருந்தான்.

கோடன் சுருக்கை எடுத்துத் தன் இடுப்பில் மாட்டினான்.

"நீயா? ஆம்பளை இறங்கி நான் பார்த்ததில்லையே."

"முடிச்சை அவளாத்தான் அவுத்திருக்கா மச்சான். அப்படின்னா உள்ளேதான் எங்கேயோ போயிருக்கா. விடு."

மாசன் விட்டான். இந்த முறை பாடவில்லை.

குகையின் வாய்க்கு நேரே வந்ததும் கோடன் காலை உந்தி ஆடி உள்ளே குதித்தான். கயிறு அதற்கு மேல் எட்டவில்லை. உள்ளே போக வேண்டுமானால் முடிச்சை அவிழ்த்தாக வேண்டும். அவிழ்த்தான். கையிலிருந்து நழுவிய சுருக்கு வெளியே ஆடிப்போய், பாறை முன்னால் துருத்தியிருந்ததால் திரும்ப உள்ளே வராமல், எட்டாத தூரத்தில் நின்று தொங்கியது. நொச்சிக்கும் இதுதான் நடந்திருக்கும் என்று அப்போது அவனுக்குத் தெரிந்தது.

உள்ளே நடந்தான். வெளிச்சம் முதுகில் கொஞ்ச தூரம் கூட வந்து பிறகு நின்றுவிட்டது. அதற்கப்புறம் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். தவழ்ந்து போனான். ஓரிடத்தில் முன்னால் வைத்த கைக்குக் கீழே தரை இல்லை. ஒரு கல்லை எடுத்துப் போட்டான். எங்கோ போய், மறந்துபோன நேரத்தில், தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

குழியின் விளிம்பைத் தடவிக்கொண்டே போனான். ஒரு கல்முனையில் துணி தட்டுப்பட்டது. நாரின் சொரசொரப்பு. விரலை ஓட்டிப் பார்த்தான். முந்தானையில் நேற்றுத் தைத்த தையல் அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் நீளமாக ஒரு புதுக் கிழிசல். சேலை கல்லில் மாட்டி அவளைப் பிடித்துப் பார்த்திருக்கிறது. முடியவில்லை.

கோடன் சேலையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தான். குழந்தை அவள் மார்பில்தானே இருந்தது என்று நினைத்தான். அதற்கு மேல் எதையும் நினைக்கவில்லை.

பிறகு கூப்பிடத் தொடங்கினான். எதற்கென்று தெரியாது. பதில் வராது என்றும் தெரியும். "நொச்சி" என்று கூப்பிட்டான். "நொச்சி" என்று திரும்பி வந்தது. மறுபடியும் கூப்பிட்டான்.

குகை வாயிலில் ஒரு பொந்தில் உடும்பு ஒன்று குடியிருந்தது. அது தலையை நீட்டியது.

"யாருய்யா அது? ராத்திரி பூரா ஒருத்தன் மேலே நின்னு கத்தினான். இப்ப நீ உள்ளே வந்து கத்துறே. ஒரு உசுரு தூங்க வேணாமா?"

"என் பொண்டாட்டியைத் தேடுறேன்."

உடும்பு தலையை இன்னும் கொஞ்சம் வெளியே நீட்டியது. "கிடைச்சாளா?"

"சேலை கிடைச்சது."

"சரி," என்றது உடும்பு. "அப்ப கத்திக்கோ." தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். வெளியே பகல் போயிற்றா, இரவு போயிற்றா தெரியவில்லை. அந்த இருட்டில் நேரம் என்று ஒன்று இல்லை. தண்ணீருக்குள் கிடக்கும் கூழாங்கல்லைப் போலக் கிடந்தான். தொண்டை வறண்டது. குரல் மெலிந்தது. நூலாகி, நூலிலும் இழையாகி, இழையிலும் பாதியாகி, மேலே மேலே ஏறிப்போயிற்று. அவனுக்கு மட்டும் அது நன்றாகக் கேட்டது. முன்பைவிட நன்றாகவே கேட்டது. திரும்பி வரும் ஒவ்வொரு துணுக்கையும் விடாமல் பிடிக்க வேண்டும் என்று காதை நிமிர்த்தி நிமிர்த்தி வைத்தான். காது இலை விரிவது மாதிரி விரிந்தது. கண்ணை அவன் மறந்துவிட்டான். அது உள்ளே போய்ச் சின்னதாக ஒடுங்கிக்கொண்டது.

இருட்டுக்குப் பழகிய கண்ணோடு உடும்பு ஒருமுறை ஊர்ந்து வந்து எட்டிப் பார்த்தது. "ஏன்யா, எம்மேல கோவமா? நான் சொன்னேன்னா வாயை மட்டும் அசைக்கிறே? சத்தமாவே கூப்பிடு, பரவாயில்லை."

கோடன் திரும்பிப் பார்த்தான். அப்போது அவன் முழுத் தொண்டையோடு கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"உனக்குக் கேட்கலையா?"

"பேசுறது கேட்குது. கூப்பிடறது கேட்கலை," என்றது உடும்பு. அவனை ஏற இறங்கப் பார்த்தது. "உனக்கு இறுகிக்கிட்டிருக்கு போல."

அவனுக்கு அது பொருட்டாகவே இல்லை. வேறொன்று அவனுக்குப் புலப்படத் தொடங்கியிருந்தது. குரல் திரும்பி வரும்போது வெறுமனே வருவதில்லை. கல்லில் பட்டது கல்லாக வந்தது. தண்ணீரில் பட்டது வழவழவென்று வந்தது. பக்கத்துச் சுவர் உடனே பதில் தந்தது. தூரத்துச் சுவர் யோசித்துத் தந்தது. கூப்பிடக் கூப்பிடக் குகை அவனுக்குத் தெரிய ஆரம்பித்தது. விடியற்காலையில் மலை கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியுமே, அப்படி. இங்கே ஒரு தூண். அங்கே ஒரு வளைவு. கூரையிலிருந்து இறங்கும் கல்விழுதுகள். நொச்சியின் பெயரால் அந்தக் குகை முழுவதையும் அவன் தடவிப் பார்த்துவிட்டான். எங்கும் கல். எங்கும் தண்ணீர்.

ஒரே ஓர் இடத்தைத் தவிர.

கூரையின் ஒரு மூலையில், ஒரு பிளவுக்குப் பக்கத்தில், குரல் மெத்தென்று திரும்பி வந்தது. பஞ்சில் பட்ட மாதிரி. அவன் மறுபடி கூப்பிட்டான். மறுபடியும் மெத்தென்றுதான் வந்தது. மூன்றாம் முறை கூப்பிட வாயைத் திறந்தவன், திறந்த வாயோடு நின்றான்.

அவன் கூப்பிடவில்லை. ஆனால் குரல் வந்தது.

சின்னக் குரல். தன்னுடையதும் இல்லை, மாசனுடையதும் இல்லை, கல் திருப்பித் தந்ததும் இல்லை. "க்ஸீ" என்று ஒரு சொட்டு. அப்புறம் நின்று, இன்னொரு சொட்டு.

கோடன் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரில் ஏறினான். ஏறினான், சறுக்கினான், மறுபடி ஏறினான். கூரை வளைந்து தலைக்கு மேலே போகிற இடத்தில் பிடி விட்டது. தொப்பென்று விழுந்தான்.

"பிடிக்கணும் பிடிக்கணும்னு பிடிக்கிறே," என்றது உடும்பு வாயிலிலிருந்து. "அப்படிப் பிடிச்சா சதை வலிக்கும், விட்டுரும். உன் பாரத்தை விரலுங்ககிட்டக் குடு. பாரம் இழுக்க இழுக்க விரல் தானா பூட்டிக்கும். நான் தூங்கிக்கிட்டே தொங்குவேன், தெரியுமா?"

"நீ மேலே வந்து பாரேன். அங்கே ஏதோ இருக்கு."

"ஐயோ, கூரைக்கெல்லாம் நான் வரமாட்டேன். எனக்கு வால் கனம். நீ போ."

கோடன் மறுபடி ஏறினான். கூரையை அடைந்ததும் கால்விரல்களைப் பிளவுக்குள் செருகினான். கண்ணை மூடிக்கொண்டு உடம்பின் பாரம் முழுவதையும் அந்தப் பத்து விரல்களிடம் கொடுத்துவிட்டுக் கையை விட்டான். தலை கீழே சரிந்தது. விரல்கள் பூட்டிக்கொண்டன. அவன் விழவில்லை. வலியும் இல்லை.

கூப்பிட்டுப் பார்த்தான். எதிரே குழந்தை இருந்தது.

அதுவும் கால்விரலால்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நொச்சி அதைப் பிளவில் மாட்டிவிட்டு இரண்டு கையாலும் அடையை எடுக்கப் போய், பிடி நழுவிக் குழியில் விழுந்திருக்கிறாள். பக்கத்திலேயே பாதி பிய்த்த அடை. அதிலிருந்து தேன் ஒரு கல்விழுதின் வழியாக வழிந்து சொட்டிக்கொண்டிருந்தது. குழந்தை அதை நக்கி நக்கி உயிரோடு இருந்தது. நாக்கில் தேன் வைக்கும் சடங்கு நடந்து முடிந்திருந்தது.

தரையில் நின்று பார்த்திருந்தால் தலைகீழாகத் தெரிந்திருக்கும் முகம், அவனும் தலைகீழாகத் தொங்கியதால் நேராகத் தெரிந்தது. குழந்தைக்கும் அவன் முகம் அப்படித்தான் தெரிந்திருக்க வேண்டும். அது பயப்படவில்லை. அவன் எடுக்கப் போனான். அதன் கால்விரல்கள் பிளவை விடவில்லை. இழுத்தால் ஒடிந்துவிடும்போல இருந்தது. அம்மா மாட்டிய இடம். அவள் வந்துதான் எடுக்க வேண்டும் என்று அதற்கு எண்ணம்.

கோடன் இழுக்கவில்லை. அதன் பக்கத்தில் சும்மா தொங்கினான். குழந்தையைச் சுற்றி ரீங்கரித்துக்கொண்டிருந்த கொசுக்களைக் கையால் விரட்டினான். போகவில்லை. சத்தம் வந்த திக்கில் வாயைத் திறந்து ஒவ்வொன்றாகப் பிடித்து விழுங்கினான். குழந்தை அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் மெலிந்த குரலில் ஒரு தரம் கூப்பிட்டான். பெயர் இல்லாததால் பெயரில்லாமலேயே கூப்பிட்டான். அது பதில் சொல்லிற்று. அவன் கூப்பிட்டான். அது பதில் சொல்லிற்று. அப்படியே இருவரும் கொஞ்சம் உறங்கினார்கள். உறக்கத்திலும் விழவில்லை.

விழித்தபோது குழந்தை அவன் மார்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. எப்போது வந்தது என்று தெரியவில்லை.

இனி வெளியே போக வேண்டும். கூரை வழியாகவே தொங்கித் தொங்கி வாயிலுக்கு வந்தான். வெளியே அந்தி. சுருக்கு அதே எட்டாத தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. மேலே மாசன் இன்னும் கயிற்றைப் பிடித்திருந்தான். பாட்டு இல்லை. மூச்சு வாங்குவது மட்டும் கோடனுக்கு அவ்வளவு தூரத்திலிருந்தும் கேட்டது.

கோடன் தோளில் கிடந்த சேலையை எடுத்தான். குழந்தையை அதற்குள் வைத்துக் கட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தான். சேலையைப் பிரித்தபோது பள்ளத்தாக்கின் காற்று வந்து அதை உப்ப வைத்தது. கை அதோடு மேலே எழும்பியது. அவன் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

பிறகு சேலையின் ஓரத்தை விரல் விரலாகச் சுற்றிக் கட்டினான். சுண்டுவிரலிலிருந்து சுட்டுவிரல் வரைக்கும். கடைசி வரை பாறையைப் பற்றிக்கொள்ள ஒன்று வேண்டுமே என்று கட்டைவிரலை மட்டும் வெளியே விட்டான். மிச்சத்தை இடுப்போரமாக இழுத்துக் கணுக்காலில் முடிந்தான். புதுக் கிழிசல் இடதுபக்கம் வந்தது. அதைத் தைக்க அவனிடம் ஊசி இல்லை.

"என்னய்யா பண்ணப் போறே?" என்றது உடும்பு.

"கீழே விழப் போறேன்."

"பிள்ளையோடவா?"

"அது பிடிச்சிருக்கு. நல்லாப் பிடிச்சிருக்கு."

கட்டைவிரலை எடுத்தான். விழுந்தான். காற்று சீறிக்கொண்டு மேலே போயிற்று. மரத்தலைகள் ஏறி வந்தன. நீளமான விரல்களை அகல விரித்தான். இதற்கு மேல் முடியாது என்ற அளவுக்கு விரித்தான். அதற்கு மேலும் விரித்தான். விரல்கள் நீண்டன. சேலை நிறைந்தது. உயிரைக் கொடுத்துச் செய்த காரியம் அது. உடம்பு அந்த நிமிடத்தில் இறுகியது. எது விரல், எது நார், எது தோல் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லாம் ஒன்றாகிவிட்டது. விழுவது நின்றது. கொஞ்ச நேரம் அவன் எங்கும் போகவில்லை. அப்புறம் மேலே போனான்.

மாசன் தலைக்கு மேல் ஒரு கறுப்புத் துணி சத்தமில்லாமல் சுற்றுவதைப் பார்த்தான். துணி வந்து பக்கத்து மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கியது. அதன் மார்பில் குழந்தை இருந்தது.

"மாப்பிள்ளையா?"

"நான்தான் மச்சான்."

மாசன் கயிற்றைப் பிடித்த கையோடு எழுந்து வந்தான். அவனைப் பார்க்கவில்லை. குழந்தையைத்தான் பார்த்தான். நொச்சி எங்கே என்று கேட்கவில்லை. இறக்கையின் ஓரத்தில் இருந்த தையலை விரலால் தொட்டுப் பார்த்தான். கையை எடுத்துக்கொண்டான்.

"தேன் பட்டிடுச்சு," என்றான் கோடன். "அவதான் குடுத்திருக்கா. நீ பேரைச் சொல்லணும் மச்சான்."

மாசன் கயிற்றைச் சுருட்டுவதற்காகக் குனிந்தான். சுருட்டாமலே நிமிர்ந்தான்.

"அங்கே உள்ளே, எதைச் சொல்லி இதைக் கூப்பிட்டே?"

"ஒண்ணும் சொல்லலை. சும்மா கூப்பிட்டேன்."

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்புறம் எதுக்கு மாப்பிள்ளை பேரு?" என்றான் மாசன். "பேரு சொல்லி என்ன கண்டோம்? ஒரு அடியை ராத்திரி பூரா பாடினேன், கல்லு அதைப் படிச்சுக்கிட்டு எனக்கே திருப்பிப் பாடிச்சு. பேரை யார் வேணும்னாலும் திருப்பிச் சொல்லுவாங்க. இது குரலைச் சொல்ல முடியுமா? ஆயிரம் பிள்ளைங்க ஒண்ணாக் கத்தினாலும் இதை நீ கண்டுபிடிச்சிருவே. அது போதும்."

அவன் வைத்திருந்த பெயர் என்னவென்று அப்புறமும் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கயிற்றைப் பாறை விளிம்பில் நழுவ விட்டான். அது வெகுநேரம் விழுந்தது.

வாவல் குடியில் அதன் பிறகு யாரும் தேனுக்கு இறங்கவில்லை. வேறு கயிறு கட்டி இறங்கி, கோடன் போன குகைக்கே எல்லோரும் போனார்கள். அவனைப் போலவே தொங்கினார்கள், அவனைப் போலவே கூப்பிட்டார்கள், சேலையை விரல்களில் கட்டிக்கொண்டு குதித்தார்கள். ஒருவர் பின் ஒருவராக அவர்களுக்கும் இறுகியது. மாசனுக்கும் இறுகியது. பொழுது சாயும்போது, கோடன் குதித்த அதே வேளையில், குகையிலிருந்து மொத்தமாக வெளியே வருவார்கள். உடும்பு மட்டும் பொந்தில் இருந்துகொண்டு, "தூங்க விடறாங்களா பாரு," என்று ஒவ்வொரு அந்தியிலும் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு சத்தமும் கேட்டிருக்காது. இருந்தாலும் சொல்லும்.

அன்று முதல்தான் வாவல் என்கிற வௌவால் தலைகீழாகத் தொங்குகிறது. நமக்குக் கேட்காத குரலில் இருட்டைக் கூப்பிட்டு, திரும்பி வருவதைக் காதில் வாங்கி வழி கண்டுகொள்கிறது. குட்டியை மார்பில் சுமந்து பறக்கிறது. ஆயிரம் குட்டிகள் தொங்கும் குகையில் தன் குட்டி எது என்று குரலிலேயே அறிகிறது. கட்டைவிரல் மட்டும் இறக்கைக்கு வெளியே நிற்கிறது. இறக்கையில் முள் பட்டால் சின்னதாகக் கிழியும். சில நாட்களில் அது தானாகவே கூடிவிடும்.